பதுளையின் இரண்டாம் ஆசனம்

தேர்தலில் வென்றவர்களின் பெயர்களைச் சபைக் குறிப்புகள் காத்து வைத்திருக்கின்றன. தோற்றவர்களைப் பற்றிய செய்தியோ வாக்கு எண்ணிய இரவோடு பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. கட்டுப்பணம் இழந்தார், ஊர் திரும்பினார் என்பதற்குமேல் அவரைப் பற்றி எவரும் விசாரிப்பதில்லை. ஆயினும் ஒரு தோல்வி எவ்வாறு நேர்ந்தது என்று ஆராய்ந்து பார்க்கும்போது, வெற்றிகளின் பட்டியல் சொல்லாத பல உண்மைகள் வெளிப்படுவதுண்டு. ஊவா மாகாணத்துத் தோட்டத் தமிழ் மக்களின் அபேட்சகர் 1952ஆம் ஆண்டில் அடைந்த தோல்வி அத்தகையது. மேடையில் அவர் பேசுவதற்கு முன்பே, வாக்குச் சாவடியின் கதவு திறப்பதற்கு வெகு காலம் முன்பே, வாக்காளர் இடாப்பு என்னும் பெயர்ப் புத்தகத்தில் அவருடைய தோல்வி எழுதப்பட்டுவிட்டது.

பதுளை நகரம் ஊவாவின் தலைநகர். நாமுனுகுல மலையின் நிழலில், சுற்றிலும் தேயிலை மலைகள் சூழ அமைந்தது. பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹாலிஎல, தெமோதரை, பண்டாரவளை, அப்புத்தளை என்று எத்திசையில் சென்றாலும் தோட்டங்களே எதிர்ப்படும். கோப்பிச் செடியைப் பூஞ்சண நோய் அழித்த பின்னர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக் காலத்தில் இம்மலைகள் தேயிலைக்கு மாறின. அத்தேயிலையைப் பயிரிட்டுக் கொழுந்து பறித்தவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே நடந்து மாத்தளையை அடைந்து, அங்கிருந்து மலையேறிய மூதாதையரின் கதை இன்றும் லயங்களில் சொல்லப்படுகிறது. இரும்புப் பாதை 1924ஆம் ஆண்டிலேதான் பதுளையை எட்டியது. அதற்கு வெகு முன்னரே இம்மலைகளில் மாரியம்மன் கோயில்களும் காமன் கூத்தும் வேரூன்றியிருந்தன. வந்தவர்களுடைய பிள்ளைகள் இங்கே பிறந்து, இங்கேயே பெயர் பதிந்து, பன்னிரண்டு வயதுக்கு முன்பே மலைக்குப் போய், இந்த மண்ணிலேயே அடக்கமானார்கள்.

இம்மக்களுக்குச் சட்டசபையில் ஒரு குரல் வேண்டும் என்னும் எண்ணம் 1920களில் உருப்பெற்றது. 1924ஆம் ஆண்டில் திருத்தியமைக்கப்பட்ட சட்ட நிரூபண சபையில் இந்தியருக்கென இரண்டு ஆசனங்கள் ஒதுக்கப்பட்டன. ஆனால் வாக்களிக்கும் தகுதி வருமானமும் எழுத்தறிவும் உடையவர்களுக்கே இருந்தது. வர்த்தகரும் கணக்கப்பிள்ளையும் பெரிய கங்காணியும் வாக்காளர் ஆகலாம். கொழுந்து பறிப்பவள் ஆகமுடியாது. தஞ்சாவூரிலிருந்து வந்த பத்திரிகையாளர் கோ. நடேசையர் அந்த ஆண்டில் போட்டியிட்டுத் தோற்றார். அடுத்த ஆண்டு நடந்த இடைத்தேர்தலில் வென்று சபைக்குச் சென்றார். தோட்டத்துக்குள் அந்நியர் எவரும் துரையின் அனுமதியின்றிக் காலடி வைக்கக்கூடாது என்பது அக்கால நியதி. அதனால் அவர் துணி வியாபாரியைப் போல வேடமிட்டு லயங்களுக்குள் நுழைந்து தொழிலாளரின் நிலையை அறிந்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். வாக்குக் கேட்கப் போகிறவன் வாக்காளனின் வாசலுக்கே போகமுடியாத விந்தை, இந்த மலைகளிலே வெகு காலம் நீடித்தது.

1931ஆம் ஆண்டு டொனமூர் அரசியல் திட்டத்தின் கீழ் இருபத்தொரு வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை வந்தது. ஆசியாவில் அது ஒரு புதுமை. ஆயினும் இந்திய வம்சாவளியினர் விஷயத்தில் அவ்வுரிமை வாயிற்படியில் ஒரு காவலாளியோடு வந்தது எனலாம். இலங்கையே தமது நிரந்தர வாசஸ்தலம் என்று நிரூபிக்க வேண்டும். அன்றேல் எழுத்தறிவும் வருமானமும் காட்டவேண்டும். அதுவும் இயலாதாயின், ஐந்தாண்டு வாசத்துக்குச் சான்று காட்டி நிரந்தரக் குடியேற்ற அத்தாட்சிப் பத்திரம் பெறவேண்டும். அந்த அத்தாட்சியைப் பெறுகிறவர் இந்தியத் தொழிலாளருக்கெனச் சட்டம் அளித்திருந்த தனிப் பாதுகாப்புகளைத் துறக்க வேண்டியிருந்தது. இவ்வளவு தடைகளுக்கும் இடையில் 1931இல் ஏறக்குறைய ஒரு இலட்சம் இந்தியர் இடாப்பில் சேர்ந்தனர். 1936இல் அத்தொகை ஏறக்குறைய 1 இலட்சத்து 45 ஆயிரமாகவும், அப்பத்தாண்டின் முடிவில் 2 இலட்சத்து 25 ஆயிரமாகவும் உயர்ந்தது. இந்த உயர்ச்சியே சிலருக்கு அச்சத்தை உண்டாக்கியது. 1940களின் தொடக்கத்தில் இடாப்புகள் கடுமையாகச் சோதிக்கப்பட்டு, 1943இல் அத்தொகை ஏறக்குறைய 1 இலட்சத்து 68 ஆயிரமாகக் குறைந்தது. பிற்காலத்து நிகழ்ச்சிக்கு அது ஒரு சிறிய ஒத்திகை போல் அமைந்தது.

அக்காலத்துத் தேர்தல் பிரசாரம் எப்படி நடந்தது என்பதை இன்றைய தலைமுறையினர் அறிந்துகொள்ளுதல் நன்று. 1931, 1936 தேர்தல்களில் ஒவ்வொரு அபேட்சகருக்கும் ஒரு நிறம். அந்த நிறப் பெட்டியில் வாக்குச் சீட்டைப் போடவேண்டும். எழுத்தறியாத வாக்காளனுக்குப் பெயர் வேண்டியதில்லை, நிறம் போதும். ஆனால் அந்த நிறத்தை அவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமே! காலையில் பெரட்டுக்களத்தில் கங்காணி நிற்பான். பகலில் மலையில் கணக்கப்பிள்ளை நிற்பான். மாலையில் லயத்தில் காவற்காரன் நிற்பான். எஞ்சியது ஞாயிற்றுக்கிழமைச் சந்தையும் கோயில் திருவிழாவும்தான். பசறைச் சந்தையிலோ பதுளைக் கடைத்தெருவிலோ சாமான் வாங்க வரும் தொழிலாளியின் காதில் இரண்டு வார்த்தை போட்டுவிட்டால், அது பத்து லயங்களுக்குப் பரவும். வாய்மொழியே துண்டுப் பிரசுரமாக விளங்கியது. நடேசையரின் துணைவியார் மீனாட்சி அம்மை பாட்டுக் கட்டிப் பாடியே கருத்தைப் பரப்பினார் என்பது இவ்வகையில் வியப்பன்று. பாட்டுக்குத் துரையின் அனுமதி வேண்டியதில்லை.

இதற்கிடையில் 1937ஆம் ஆண்டுக் கிராமச் சபைச் சட்டம் தோட்டத் தொழிலாளரைக் கிராமத் தேர்தல்களிலிருந்து விலக்கிற்று. 1939இல் அரசாங்க வேலைகளிலிருந்த இந்திய நாட்கூலிகள் நீக்கப்பட்டபோது, ஜவாஹர்லால் நேரு கொழும்புக்கு வந்தார். அவருடைய வருகையின்போதுதான், அவ்வாண்டு ஜூலை மாதத்தில், சிதறிக்கிடந்த சங்கங்கள் ஒன்றுபட்டு இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவாயிற்று. மறு ஆண்டில் ஊவா கொந்தளித்தது. பதுளைக்கு அருகிலுள்ள வேவெஸ்ஸ தோட்டத்தில் லங்கா சமசமாஜக் கட்சியின் தொழிற்சங்கம் நடத்திய வேலைநிறுத்தம் 1940ஆம் ஆண்டு மே மாதத்தில் நாடெங்கும் பேசப்பட்டது. சிங்களத் தலைவர்களின் சங்கத்தில் தமிழ்த் தொழிலாளர் திரண்டு நின்ற காட்சி, துரைமாருக்கும் அரசாங்கத்துக்கும் ஒருங்கே கலக்கத்தை உண்டாக்கியது. ஜூன் மாதத்தில் கட்சியின் முன்னணித் தலைவர்கள் சிறை வைக்கப்பட்டனர். ஊவாத் தோட்டத் தொழிலாளி தன் கைக்கு ஒரு வலிமை உண்டென்று கண்டுகொண்ட காலம் அது.

இனி 1947ஆம் ஆண்டுக்கு வருவோம். சோல்பரி அரசியல் திட்டத்தின்படி நாடு 89 தேர்தல் தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, 95 உறுப்பினர் தெரிவு செய்யப்பட ஏற்பாடாயிற்று. பல இனத்தவர் கலந்து வாழும் இடங்களில் சிறுபான்மையோருக்கும் வழி கிடைக்கவேண்டும் என்னும் நோக்கத்தோடு சில தொகுதிகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஆசனங்கள் வழங்கப்பட்டன. பதுளை அவற்றுள் ஒன்று. அதற்கு இரண்டு ஆசனங்கள். அத்தகைய தொகுதியில் வாக்காளன் ஒவ்வொருவனுக்கும் ஆசனங்களின் எண்ணிக்கை அளவுக்கு வாக்குகள் உண்டு. அவற்றைப் பிரித்தும் அளிக்கலாம், ஒருவருக்கே சேர்த்தும் அளிக்கலாம். தோட்ட மக்கள் தம் இரண்டு வாக்குகளையும் ஒரே அபேட்சகருக்கு அளித்தால், தொகுதியில் அவர்கள் பெரும்பான்மையினராக இல்லாவிடினும் ஓர் ஆசனம் அவர்கள் கைக்கு வரும். சட்டம் எழுதியோர் கூட்டிக் கழித்துப் பார்த்த கணக்கு அது. லயத்துத் தொழிலாளியும் அதை விரைவிலேயே புரிந்துகொண்டான்.

ஆகஸ்டு 23ஆம் நாள் தொடங்கி செப்டம்பர் 20ஆம் நாள் வரை, இடத்துக்கு ஒரு நாளாக வாக்கெடுப்பு நடந்தது. பதுளையின் ஓர் ஆசனத்தில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் எஸ். எம். சுப்பையா வெற்றி பெற்றார். நுவரெலியாவில் எஸ். தொண்டமான், தலவாக்கலையில் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை, நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம், மஸ்கெலியாவில் ஜி. ஆர். மோத்தா என்று மலைநாட்டிலிருந்து காங்கிரஸ் உறுப்பினர் வரிசையாகப் பாராளுமன்றம் புகுந்தனர். வேறு பல தொகுதிகளிலே, தோட்டத்து வாக்குகள் இடதுசாரி அபேட்சகர்களுக்குச் சென்று முடிவுகளை மாற்றின. ஆளும் கட்சிக்கு அறுதிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. 42 ஆசனங்களே கிடைத்தன. இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளாமல், அடுத்து வந்த சட்டங்களின் வேகத்தை விளங்கிக்கொள்ள இயலாது.

1948ஆம் ஆண்டு பெப்ரவரியில் நாடு சுதந்திரம் அடைந்தது. அவ்வாண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் பிறந்த ஒருவன் வம்சாவளிப் பிரசையாக வேண்டுமானால், அவனுடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்கவேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருக்கவேண்டும். சொல்லளவில் இது எல்லாருக்கும் பொதுவான விதிதான். ஆனால் பசறைத் தோட்டமொன்றில் பிறந்த ஒரு தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். அவன் தந்தையும் அதே லயத்தில் பிறந்திருக்கலாம். அதற்குச் சான்று எங்கே? பழைய நாட்களில் பிறப்பைப் பதிந்தவர் சிலர், பதியாதவர் பலர். தோட்டம் கைமாறியபோது பழைய செக்ரோல் புத்தகங்களும் மறைந்தன. கிராமத்து விவசாயியிடமும் அப்படிப்பட்ட பத்திரம் இருந்ததில்லை. ஆனால் அவனிடம் அதை எவரும் கேட்கவில்லை. சட்டத்தின் எழுத்தில் இல்லாத வேற்றுமை, அதைக் கேட்கும் கையில் இருந்தது.

அடுத்த ஆண்டு இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் தொடர்ந்து வசித்தமைக்குச் சான்று காட்டி விண்ணப்பிக்கலாம் என்றது அது. காங்கிரஸ் முதலில் அதைப் பகிஷ்கரித்தது. பின்னர் மனம் மாறி விண்ணப்பிக்குமாறு மக்களைத் தூண்டியது. காலம் கடந்தபின் வந்த அந்த மாற்றம் தோட்ட மக்களுக்குப் பெரும் நஷ்டத்தை விளைவித்தது என்றே கருதவேண்டியிருக்கிறது. 1951ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தோடு கெடு முடிந்தது. ஏறக்குறைய 2 இலட்சத்து 37 ஆயிரம் விண்ணப்பங்கள், 8 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களின் சார்பில் குவிந்தன. அவற்றின் விசாரணை பல ஆண்டுகள் நீண்டது. தாயாரைப் பார்க்க ஒருமுறை இந்தியா போய்வந்தவன், ஊரிலுள்ள உறவினருக்குப் பணம் அனுப்பியவன் ஆகியோருடைய நிரந்தர வாச எண்ணம் ஐயத்துக்கிடமானதாகக் கருதப்பட்டது. முடிவில் ஏற்றுக்கொள்ளப்பட்டவர் ஏறக்குறைய 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே.

விண்ணப்பங்கள் காத்துக்கிடக்கையில், 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் தன் வேலையை முடித்துவிட்டது. பிரசை அல்லாதவர் பெயர் இடாப்பில் இருக்கக்கூடாது என்பதே அதன் சாரம். 1950ஆம் ஆண்டு இடாப்புத் திருத்தப்பட்டபோது, மலைநாட்டில் லயம் லயமாகப் பெயர்கள் வெட்டுண்டன. இங்கே ஒரு விநோதத்தைக் கவனிக்கவேண்டும். 1947இல் தெரிவான காங்கிரஸ் உறுப்பினர்கள் சபையில் இன்னும் இருந்தார்கள். பதுளையின் தமிழ் உறுப்பினருக்கும் ஆசனம் இருந்தது, பேசும் உரிமை இருந்தது, சம்பளமும் இருந்தது. அவரை அங்கே அனுப்பிய மக்களுக்கு மட்டும் வாக்கு இல்லை.

1952ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில், பொதுத் தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தபோது, காங்கிரஸ் தலைவர்கள் கொழும்பில் சத்தியாக்கிரகம் தொடங்கினர். பிரதம மந்திரியின் அலுவலகத்தின் முன்னே அமர்ந்து தொடங்கிய அந்தப் போராட்டம் நான்கு மாதங்களுக்கு மேல் நடந்தது. மே மாதத் தேர்தல் அதைப் பொருட்படுத்தாமல் நடந்து முடிந்தது. காங்கிரஸின் உறுப்பினர் ஒருவர்கூடப் பாராளுமன்றத்துக்குத் திரும்பவில்லை. பதுளையில் ஆசனங்கள் இரண்டும் அப்படியே இருந்தன. ஆனால் தமிழ் அபேட்சகர் ஒருவரை அனுப்பவல்ல வாக்குகள் இல்லை.

இதனினும் கசப்பான செய்தி ஒன்று உண்டு. ஆசனங்களைப் பங்கிடும்போது நாட்டின் சனத்தொகையே கணக்கிடப்பட்டது. 75,000 பேருக்கு ஒன்று, ஆயிரம் சதுர மைலுக்கு ஒன்று என்பது விதி. 1946ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் இந்தியத் தமிழர் ஏறக்குறைய 7 இலட்சத்து 80 ஆயிரம் பேர். அந்தத் தலைகளையும் எண்ணியே மலைநாட்டுக்கு ஆசனங்கள் கிடைத்தன. அத்தலைகளுக்குரிய வாக்கைப் பறித்த பின்னரும் ஆசனங்கள் அங்கேயே இருந்தன. ஊவாவின் கிராமத்து வாக்காளன் அவ்வாறு, தான் கேட்காமலே, மற்ற மாகாணத்து வாக்காளனைவிட அதிகப் பலம் பெற்றான். அவனைக் குறை கூறுதல் நியாயமன்று. அவனுடைய காணி தோட்டத்துக்குப் போயிருந்தது. அவனுக்கும் பசி இருந்தது. வாக்கில்லாத அயலானிடம் வாக்குக் கேட்க வேண்டிய தேவை மட்டும் எந்த அபேட்சகருக்கும் இல்லாமற் போயிற்று. தோட்டத்துக்குப் பாதை இல்லை, பாடசாலைக்குக் கூரை இல்லை என்பவை தேர்தல் மேடையில் பேசப்படாத விஷயங்கள் ஆயின. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் முற்றாகப் பொறுப்பேற்க 1970கள் வரவேண்டியிருந்தது என்பதை எண்ணும்போது, அந்த மௌனத்தின் விலை விளங்கும்.

நீதிமன்றத்தின் கதவும் தட்டப்பட்டது. கேகாலை மாவட்டத்தைச் சேர்ந்த கோடாக்கன் பிள்ளை என்பவர், தம் பெயரை இடாப்பில் சேர்க்க மறுத்தமையை எதிர்த்து வழக்காடினார். எந்த ஒரு சமூகத்துக்கும் பிறருக்கு இல்லாத இடையூற்றை விளைக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என்னும் அரசியல் திட்டத்தின் 29ஆம் பிரிவே அவருடைய ஆதாரம். இடாப்பைத் திருத்தும் அதிகாரி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. 1953இல் இலண்டனிலுள்ள பிரிவுக் கவுன்சில் அவருடைய மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது. தன் பிரசைகள் யார் என்று தீர்மானிப்பது ஒரு நாட்டுச் சட்டசபையின் இயல்பான அதிகாரம் என்பது அதன் முடிபு.

பின்னர் 1954இல் நேருவும் சர் ஜோன் கொத்தலாவலையும் செய்த உடன்படிக்கையில், பதிவுப் பிரசைகளுக்குத் தனி இடாப்பும் சில தனி ஆசனங்களும் பேசப்பட்டன. அவை காகிதத்தோடு நின்றன. 1959இல் தொகுதிகள் மறுபடியும் வகுக்கப்பட்டபோது 145 தொகுதிகளுக்கு 151 உறுப்பினர் என்றாயிற்று. பல ஆசனத் தொகுதிகள் சில அமைந்தன. பதுளை அவற்றுள் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் தோட்ட மக்களுக்கு வழி திறந்த அந்த இரண்டாம் ஆசனம் அதனோடு மறைந்தது. தொண்டமான் 1960இலும் 1965இலும், அப்துல் அஸீஸ் 1970இலும் நியமன உறுப்பினராகச் சபைக்குச் சென்றனர். நியமனம் பெறுகிறவர் பிரசாரம் செய்ய வேண்டியதில்லை. மக்களிடம் கணக்குச் சொல்லவும் வேண்டியதில்லை. அவர்களுடைய சேவை எத்தகையதாயினும், வாக்குப் பெட்டி செய்யும் வேலையை நியமனப் பத்திரம் செய்யமாட்டாது.

1964ஆம் ஆண்டு அக்டோபரில் சிறீமா சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 9 இலட்சத்து 75 ஆயிரம் நாடற்றவரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேர் பின்னர் என்று பங்கு பிரிக்கப்பட்டது. அப்பங்கீட்டின்படி பதுளையிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் தலைமன்னாரை நோக்கிச் சென்ற இரயிலை மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றழைத்தனர். நிலையத்து மேடையில் நின்றவரும் பெட்டிக்குள் இருந்தவரும் ஒருங்கே அழுத அழுகை அப்பெயரை ஈட்டியது. சென்றவர்களில் 1947இல் பதுளையில் வாக்களித்தவர்களும் இருந்திருப்பர்.

1977இல் நுவரெலியா மஸ்கெலியாத் தொகுதியின் மூன்று ஆசனங்களுள் ஒன்றைத் தொண்டமான் வென்றார். முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர் தோட்ட மக்கள் வாக்களித்து அனுப்பிய உறுப்பினர் அவர். ஊவாவில் அப்போதும் பல ஆசனத் தொகுதி ஒன்றும் அமையவில்லை. அதே ஆண்டிலும் 1983இலும் நிகழ்ந்த இனக்கலவரங்களில் பதுளையும் அழிவைக் கண்டது. 1978ஆம் ஆண்டு அரசியல் திட்டம் கொணர்ந்த விகிதாசாரப் பிரதிநிதித்துவமும், 1988இலும் 2003இலும் வந்த பிரசாவுரிமைச் சட்டங்களும் சேர்ந்தே இடாப்பை மீண்டும் நிரப்பின. பதுளை மாவட்டம் முழுவதும் ஒரே தொகுதியாயிற்று. வாக்காளன் கட்சியையும், அதன் பட்டியலிலிருந்து மூவரையும் தெரியலாம்.

இப்போது வேறொரு வகைத் தோல்வி தோன்றிற்று. முன்னே வாக்கு இல்லாமல் அபேட்சகர் தோற்றார்; பின்னே வாக்கு இருந்தும், அது சிதறியதால் தோற்றார். 2010ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் பதுளை மாவட்டத்துக்கு 8 ஆசனங்கள். தமிழ் அபேட்சகர் பலர் பல பட்டியல்களில் நின்றனர். ஒவ்வொருவரும் லயங்களுக்குச் சென்றனர். இம்முறை துரை தடுக்கவில்லை. முடிவில் தமிழர் ஒருவரும் தெரிவாகவில்லை. ஐந்தாண்டுகளுக்குப் பிறகு, 2015இல், இருவர் தெரிவாயினர். 2020இலும் இருவர். 2024ஆம் ஆண்டு நவம்பரில் நடந்த தேர்தலில் தெரிவான தமிழர் இருவருள் ஒருவர் பெண். கொழுந்துக் கூடை சுமந்த பெண்களுள் சிலர் 1931ஆம் ஆண்டிலேயே வாக்காளர் இடாப்பில் இடம்பெற்றிருந்தனர். அவர்கள் சமூகத்திலிருந்து ஒரு பெண் ஊவாவின் சார்பில் பாராளுமன்றம் சென்றது அதற்கு 93 ஆண்டுகளுக்குப் பின்னர்.